லாபம், ரெண்டு

சந்தையில் பொரி அளக்கிறவர்கள் ஒன்று என்று எண்ண ஆரம்பிப்பதில்லை. முதல் படியைப் பையில் கவிழ்க்கும்போது ‘லாபம்’ என்பார்கள். அடுத்த படிக்கு ‘ரெண்டு’, அதற்கடுத்து ‘மூணு’. வியாபாரம் லாபத்தில் தொடங்கட்டும் என்கிற நினைப்பு, வேறென்ன. பிரவீனாவுக்கு இது தெரியாது. அவள் சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், பி.காம். படித்தவள், பொரியைப் பாக்கெட்டில் மட்டுமே பார்த்தவள். ராசிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, சந்தைக் கடையில் உட்கார்ந்த முதல் நாளே படியை வாங்கிக் கணீரென்று “ஒண்ணு” என்றுவிட்டாள்.

மாமியார் செல்லாயி படியைப் பிடுங்கி, அளந்த பொரியைத் திரும்ப மூட்டையிலேயே கொட்டினாள்.

“ஏஞ்சாமி, கடைய இழுத்து மூடறதுக்கா வந்த? லாபம்னு சொல்லு.”

“ஒண்ணை எதுக்கு அத்தை லாபம்னு சொல்லணும்?”

“ஒண்ணுன்னா ஒண்டிக்கட்டை. லாபம்னா அதும் பின்னால வாரதுக்கு ஆளு இருக்குதுன்னு அர்த்தம்.”

செல்லாயி அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாள். அவளுக்குப் பழக்கம் தெரியும், காரணமெல்லாம் அவளாகக் கட்டுவதுதான். ஆனால் பிரவீனா அதற்குப் பிறகு ஒருநாளும் தவறியதில்லை. வீட்டில் அரிசி அளந்தாலும் லாபம்தான். அம்மா வீட்டுக்குப் போய்த் தோசை எடுத்துப் போடும்போதுகூட ‘லாபம்’ என்று சொல்லித் தம்பியிடம் கேலி வாங்கியிருக்கிறாள்.

கடை அவள் கைக்கு வந்த பிறகு நன்றாகவே வளர்ந்தது. போனிலேயே ஆர்டர் பிடித்தாள். ஆயுத பூஜை வந்தால் போர் போடுகிற ரிக் வண்டி ஆபீஸ்களும் லாரி பாடி கட்டும் பட்டறைகளும் மூட்டை மூட்டையாகப் பொரி கேட்கும். அத்தனையும் அவள் பழக்கிவைத்த வாடிக்கை. புருஷன் மாதேஷ் நல்ல உழைப்பாளி, பேச்சில் மட்டும் சுத்தக் கஞ்சன். படி அளக்கும்போது மட்டும் வாய் திறக்கும். ‘லாபம்… ரெண்டு…’ என்று இழுத்து இழுத்து, கிட்டத்தட்டப் பாட்டாகவே சொல்வான். வீட்டுக்கு வந்தால் அந்தப் பாட்டும் நின்றுவிடும்.

குழந்தை மட்டும் தங்கவில்லை. பொரி வாங்க வருகிறவர்கள் பொரியை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? மாட்டார்கள். சில்லறையை வாங்கி முடிந்துகொண்டே, “என்னம்மிணி, விசேஷம் ஒண்ணுமில்லீங்களா?” என்பார்கள். இதைக் கேட்காவிட்டால் நம் ஜனத்துக்குப் பொரி செரிக்காது போலிருக்கிறது. பிரவீனா சிரித்துக்கொண்டே மேலே ஒரு கை கொசுறு அள்ளிப் போட்டு அனுப்புவாள். கொசுறு வாங்கின வாய் அடுத்த சந்தைக்கும் அதே கேள்வியோடு வந்து நிற்கும்.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார்கள். சினைமுட்டை எடுத்து, வெளியே கரு உண்டாக்கி, அதில் இரண்டை அவளுக்குள் வைத்தார்கள். மிச்சம் இரண்டை உறைய வைத்துப் பத்திரப்படுத்தினார்கள். வைத்த இரண்டுமே தங்கின. ரெட்டை என்று தெரிந்த அன்று செல்லாயி தெரு முழுக்கப் பொரிகடலை கொடுத்தாள், கொசுறோடு. ஆறாவது மாதத்தில், இன்னும் ஒன்றும் முற்றாத நேரத்தில், ஒரு மத்தியானம் பிரவீனாவுக்குப் பனிக்குடம் உடைந்து, ராசிபுரம் ஆஸ்பத்திரியிலேயே பிரசவமானது. இரண்டும் பெண். அன்று பொழுது சாயும் வரைக்கும்கூட இரண்டும் இருக்கவில்லை. பிரவீனாவுக்கு ரத்தம் நிற்காமல் போய், அவளையும் ஆபரேஷன் தியேட்டருக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகளை மாதேஷ்தான் கொண்டுபோய்ப் புதைத்தான். எங்கே என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

உடம்பு தேறி, மனசு தேறாமலேயே மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உறைய வைத்த இரண்டும் இருந்தன. எத்தனையை வைப்பது என்பதுதான் இப்போது பேச்சு.

“என்னைக் கேட்டா ஒண்ணு போதும்னுதான் சொல்லுவேன்,” என்றார் டாக்டர் அறிவுமதி. “உங்க கர்ப்பப்பை வாய் பலமில்லம்மா. ஒரு குழந்தைன்னா தையல் போட்டுத் தாங்க வெச்சுடலாம்னு எனக்கு நம்பிக்கை இருக்கு. ரெண்டும் தங்கிட்டா, போன தடவை ஆனது மறுபடி ஆகலாம். உங்க உயிருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். ஒண்ணு வெச்சுத் தங்கலேன்னா, இன்னொண்ணு இருக்கு, அப்புறம் வைக்கலாம். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க.”

ரெண்டு பேரும் பேசுவது! மாதேஷிடம் பேச்சு வாங்குவதைவிடப் பொரியிலிருந்து எண்ணெய் எடுப்பது சுலபம்.

பிரவீனாவுக்கு இரண்டும் வேண்டும். அதில் அவளுக்கு ஒரு இம்மியும் சந்தேகமில்லை. போனது இரண்டு, இருப்பதும் இரண்டு. இரண்டும் ஒன்றாகவே உண்டாகி, ஒன்றாகவே குளிரில் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, இன்னொன்றை ‘நீ இரு’ என்று விட்டுவிட்டு வருவதா? பஸ் ஸ்டாண்டில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு ஒரு பிள்ளையோடு பஸ் ஏறுவாளா எவளாவது? படித்தவள்தான், டாக்டர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரிந்து என்ன செய்ய, மனசு கேட்க வேண்டுமே.

செல்லாயியும் அவள் கட்சிதான். “ஒண்ணு கேட்டா ஒண்ணு கொசுறுன்னு நெனச்சுக்க சாமி. தெய்வம் அள்ளிப் போடறப்ப நாம எதுக்குப் பையச் சுருக்கோணும்?” என்றாள்.

மாதேஷ் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. “உங்களுக்கு எத்தனைங்க?” என்று பிரவீனா கேட்டபோதெல்லாம், “பாக்கலாம்” என்று எழுந்து மூட்டை கட்டப் போய்விட்டான்.

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. கருவை வைப்பதற்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு பிரவீனா தனியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறி ஸ்கேனுக்குப் போனாள். மாதேஷால் கடையை விட்டு நகர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் ஏற்பாடு பார்க்கிற பெண் அக்சிலியா. சேலத்துப் பெண், எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“எல்லாம் நல்லா இருக்குக்கா. நாளன்னைக்குக் காலையில ரெண்டையும் வெளிய எடுத்து இளக்கி ரெடி பண்ணிருவோம். வந்து நீங்களும் சாரும் கையெழுத்து மட்டும் போட்டுருங்க.”

“ரெண்டையுமா?”

“ஆமாக்கா. சாருக்கு போன் பண்ணி எத்தனைன்னு கேட்டேனே. ரெண்டுன்னுட்டாரு. உங்ககிட்ட சொல்லலையா?”

பிரவீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்லாமலே நினைத்திருக்கிறான் மனுஷன். தன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, போனில் ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறான். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ராசிபுரம் வரைக்கும் தானாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். வீட்டில் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் தட்டில் மட்டும் நெய்யைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினாள். அவன் நெய்யைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எதற்கென்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனான்.

மறுநாள் சந்தை. செல்லாயி வீட்டில் பாக்கெட் போட, இவர்கள் இருவரும் கடையில். பூஜைக்கு முந்தின சந்தை என்பதால் நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு பட்டறைக்காரருக்கு மாதேஷ் அளந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அவன் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையை நிறுத்தாமல் அளந்தான். பொட்டுக்கடலை அனுப்புகிற மொத்த வியாபாரி சென்னிமலை, எத்தனை மூட்டை ஏற்றட்டும் என்று கேட்கிறார் போலிருக்கிறது.

“சொல்லுங்க… லாபம்… ஆமாங்க… ரெண்டு…”

கொஞ்ச நேரம் கழித்துப் பாதிப் படியோடு மாதேஷின் கை நின்றது.

“அய்யோ, ரெண்டு மூட்டை இல்லீங்க. நான் இங்கே பொரி அளந்துக்கிட்டிருக்கேன். உங்களுக்குச் சொல்லலீங்க. அஞ்சு மூட்டை ஏத்துங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரவீனா சிரிக்கவில்லை. கையில் வாங்கின நோட்டை மடிக்காமலே வைத்திருந்தாள். அக்சிலியா எத்தனை என்று கேட்டதும் இதே போனில்தானே, அதுவும் அவன் படி அளந்துகொண்டிருந்த நேரமாகத்தான் இருக்கும். அவன் சொன்ன ரெண்டு எந்த ரெண்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இது வேறு யாருக்கும் தெரியாது. அக்சிலியாவுக்குத் தெரியாது, மாதேஷுக்கே தெரியாது. கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டினால், அது என்ன ஏது என்று பார்க்கிற ஆள் இல்லை அவன். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், நாளைக்கு இரண்டும் அவளிடம் வந்துவிடும். பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. மத்தியானம் முழுவதும் அவள் அப்படியே இருந்துவிடத்தான் நினைத்தாள். இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள் இரண்டைக் கேட்கிறாள், அவ்வளவுதானே.

ஆனால் நேற்று ஊற்றின நெய் அவளை உறுத்தியது. அவன் சொல்லாத ஒன்றுக்கு அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கிறாள். அவன் உண்மையில் என்ன நினைக்கிறான் என்று இத்தனை நாளாகத் தெரியாமலே இருந்திருக்கிறாள்.

சந்தை கலைந்து, காலி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது பொழுது இறங்கியிருந்தது. மாதேஷ் ஓட்டினான், பிரவீனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் ஆரம்பித்தாள்.

“ஏனுங்க.”

“ம்.”

“அக்சிலியா உங்களுக்கு போன் பண்ணுச்சுங்களா?”

“பண்ணுச்சு. ரிக் ஆபீஸுக்கு அளந்துக்கிட்டிருந்தேன். எத்தனைன்னு கேட்டுச்சு. ஊட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள சரிங்க சார்னு வெச்சுருச்சு.”

“நீங்க ரெண்டுன்னு சொன்னீங்கன்னு குறிச்சு வெச்சிருக்குதுங்க.”

மாதேஷ் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

“நானா? நான் லாபம்னுதான் சொன்னேன்.”

“அப்புறம் ரெண்டுன்னும் சொல்லியிருப்பீங்க.”

“அது அடுத்த படிக்கு.”

பிரவீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. அவனும் சிரித்தான். சிரித்துச் சிரித்து அவளுக்கு எந்த இடத்தில் அழுகையாக மாறியதென்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“இப்ப அளக்கறதுக்குப் பொரியும் இல்ல, எந்திரிச்சுப் போறதுக்கு எடமும் இல்ல. சொல்லுங்க. உங்களுக்கு எத்தனை?”

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். கல்யாணமானதிலிருந்து அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

“அன்னைக்கு ரெண்டையும் ஒரே துணியில சுத்தி எங்கையில குடுத்தாங்க. கனமே இல்ல பிரவீனா. நித்தம் பொரி மூட்டை தூக்கறவன் நான், எனக்கே கனம் தெரியில. கையில இருக்குதா இருக்குதான்னு துணிய வெலக்கி வெலக்கிப் பாத்துக்கிட்டேதான் போனேன். பொதச்சுட்டு ஓடியாந்தா, நீ கதவுக்கு அந்தப் பக்கம் கெடக்கற. ரத்தம் நிக்கலேங்கறாங்க. அந்தக் கதவுகிட்ட நின்னுக்கிட்டு நான் புள்ளையக் கேக்கல. உன்னையத்தான் கேட்டேன். சாமி குடுத்துருச்சு. எனக்கு அந்த லாபமே போதும்.”

அவள் பக்கம் திரும்பிச் சொன்னான்.

“நீ ரெண்டு வேணும்னா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். படறவ நீ. ஆனா என் வாயில ரெண்டுன்னு வராது. அதான் எந்திரிச்சு எந்திரிச்சுப் போனேன்.”

ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. பிரவீனா அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பொரித்தூசி ஒட்டின கை. அந்தக் கையில்தான் கடைசியாக அவள் பிள்ளைகள் இருந்திருக்கின்றன.

“எங்கீங்க பொதச்சீங்க?” என்று கேட்டாள். அதைக் கேட்க அவளுக்கு அத்தனை நாள் பிடித்திருக்கிறது.

“நம்ம சுடுகாட்டு வேலி ஓரம், வேப்ப மரத்துக்குக் கீழ. ரெண்டையும் ஒண்ணாத்தான் வெச்சேன்.”

ஒண்ணாத்தான் வெச்சேன் என்று அவன் சொன்னதும் அவளுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. அவை இரண்டும் சேர்ந்துதான் இருக்கின்றன. தனியாக இல்லை. இத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் குளிரில் கிடக்கிற இரண்டையும் அந்த இரண்டாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். இவை வேறு பிள்ளைகள். போனவர்களுக்கு ஈடாக ஜோடியாகத்தான் வந்தாக வேண்டும் என்று இவற்றுக்கு என்ன தலையெழுத்து? ஒவ்வொன்றாக, நிதானமாக வரட்டுமே. அழுகை வந்தது, அழுதாள். மாதேஷும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுக்காமல் காத்திருந்தான்.

அழுது முடித்ததும் அவளே போனை எடுத்தாள்.

“அக்சிலியா, பிரவீனா பேசறேன்மா. நாளைக்கு ரெண்டையும் எடுத்துடாதீங்க. ஒரு கரு மட்டும் போதும்.”

“ஐயோ, சார் ரெண்டுன்னாரேக்கா. நான் என் காதால கேட்டேன்.”

“அது பொரிம்மா,” என்றாள் பிரவீனா. அப்புறம் லாபக் கதையை முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அக்சிலியா அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்டது. காலையில் இளக்குவதற்கு முன்னால் சொன்னதே நல்லதாய்ப் போயிற்று, டாக்டரிடமும் லேபிலும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள்.

வீட்டில் செல்லாயியிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருக்கும் என்று பிரவீனா நினைத்தாள். செல்லாயி பாக்கெட் கட்டின கையோடு நின்று முழுக்கக் கேட்டாள். மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் அழுதிருக்கிறான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

“செரி,” என்றாள். “படி நெறஞ்சாத்தான் கொசுறு. மொதல்ல படி நெறையட்டும். நீ ரெண்டு வாய் சாப்புட்டுட்டுப் படு கண்ணு.”

மறுநாள் காலை பச்சை அங்கி போட்டுப் பிரவீனாவைப் படுக்க வைத்தார்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் நன்றாகத் தெரியும் என்று முட்ட முட்டத் தண்ணீர் குடிக்க வைத்திருந்தார்கள். மாதேஷ் வெளியே நின்றான். போன தடவை நின்ற கதவல்ல, வேறு கதவு. ஆனாலும் கதவு கதவுதான். உள்ளே டாக்டர் அறிவுமதியும் அக்சிலியாவும் இருந்தார்கள். சுவரில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. அந்தப் பக்கம் லேப். ஆள் மாறிப் போகக் கூடாது என்று அங்கிருந்து ஒருமுறை சரிபார்ப்பார்கள். லேப் பெண் வெளியூர்க்காரி, வேலைக்குப் புதுசு.

“உங்க பேர் சொல்லுங்க மேடம்.”

“பிரவீனா.”

“கணவர் பேர்?”

“மாதேஷ்.”

“எத்தனை வைக்கிறோம்?”

ஒண்ணு என்று சொல்லத்தான் பிரவீனா வாயைத் திறந்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கே வந்து, முதல் நாள் செல்லாயி பிடுங்கிக் கொட்டின படி மாதிரி, திரும்பிப் போய்விட்டது.

“லாபம்,” என்றாள்.

ஜன்னலில் அந்தப் பெண் விழித்தாள். கையில் இருந்த தாளைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள்.

“ஒண்ணுதான் சிஸ்டர், சரியாத்தான் சொல்றாங்க,” என்றாள் அக்சிலியா. “இவங்க கடையில முதல் படிக்குப் பேரு அது.”

“அப்ப இங்க ஃப்ரீஸர்ல இருக்கிறதுக்கு?”

“அது ரெண்டு,” என்றாள் பிரவீனா. “பின்னால வரும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கை எடுக்கவில்லை.

“சிரிக்காதீங்கம்மா, வயிறு ஆடுது,” என்றார் டாக்டர், அவரும் சிரித்துக்கொண்டே. பிரவீனா மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் படுத்தாள். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து நின்றது.